உழைப்பாளிகளைக் காட்டும் பழைய ஓவியங்களைச் சான்றாக எடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

புகைப்படம் வருவதற்கு முந்தைய காலத்தில் சாதாரண ஆட்கள் என்ன வேலை செய்தார்கள், எந்தக் கருவியைப் பிடித்தார்கள், எதை உடுத்தினார்கள் என்று எழுத உட்கார்ந்தால், சீக்கிரமே ஓவியங்களின் பக்கம் போய்ச் சேருவீர்கள். அரசர்களும் புனிதர்களும் இல்லாமல், பெயர் தெரியாத மனிதர்கள் சமைப்பதையும் துவைப்பதையும் அறுவடை செய்வதையும் காட்டுகிற படங்கள், அதாவது ஜானர் ஓவியங்கள், ஆயிரக்கணக்கில் இணையத்தில் கிடக்கின்றன. எடுத்தோம் ஒட்டினோம் என்று முடிகிற வேலையாகத்தான் தெரியும். ஆனால் எந்தப் படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம், நல்ல பிரதி எங்கே இருக்கிறது, யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், எவ்வளவு நாள் ஆகும் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்ல ஆள் இல்லை. ஒரு நீண்ட கட்டுரைக்காக இதில் இறங்கி நன்றாக அலைந்தேன். படம் விற்கும் ஒரு நிறுவனம், அருங்காட்சியகமே இலவசமாகக் கொடுக்கிற படத்துக்கு எனக்கு விலைப்பட்டியல் அனுப்பிய கதையும் நடந்தது. நீங்கள் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கலை வரலாறு இதில் இல்லை, நேராக வேலைக்குப் போய்விடலாம்.

1. கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"17ஆம் நூற்றாண்டு ஏழைகளின் வாழ்க்கை" என்று தேடினால் எதுவும் உருப்படியாகத் தேறாது. ஒரு செயலை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தரை இழைப்பது, துணி தேய்ப்பது, கதிர் பொறுக்குவது, படகு இழுப்பது என்று ஏதாவது ஒன்று. "தரை இழைப்பவர்கள் நின்று வேலை செய்தார்களா, மண்டியிட்டா?" என்பதற்கு ஒரு படம் பதில் சொல்லும். "அவர்கள் ஏழைகளா?" என்பதற்குச் சொல்லாது.

தேடுவதற்கு ஐகான்கிளாஸ் என்ற எண் முறை ரொம்ப உதவும். நெதர்லாந்தில் உருவானது, படத்தில் என்ன இருக்கிறது என்பதை வைத்து எண் கொடுப்பார்கள். 41இல் தொடங்குபவை அன்றாட வாழ்வின் பொருட்கள், 46 சமூகப் பொருளாதார வாழ்க்கை, 47 கைத்தொழில்களும் உற்பத்தியும். ஹேக் நகரத்தில் உள்ள ஆர்கேடி என்ற கலை வரலாற்று ஆவண நிறுவனத்தின் படக் களஞ்சியத்தில் இந்த எண்ணைப் போட்டே தேடலாம், காசு கிடையாது. பிரிட்டனில் பொதுச் சேகரிப்புகளில் உள்ள எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு ஆர்ட் யூகே தளம். தேடுபொறியில் நேரடியாகப் படம் தேடுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே கிடைப்பதில் பாதிக்கு மேல் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

2. படத்தோடு அதன் காகிதங்களையும் சேர்த்து எடுங்கள்

படத்தைச் சேமித்த அன்றைக்கே இவற்றையும் ஒரு கோப்பில் எழுதி வைத்துவிடுங்கள்: ஓவியர், ஆண்டு, எதில் எதன் மேல் வரைந்தது, அளவு, இப்போது இருக்கும் இடம், சேர்க்கை எண் (அருங்காட்சியகம் ஒவ்வொரு படைப்புக்கும் கொடுக்கும் அடையாள எண்), கைமாறிய வரலாறு, ஏதாவது ஆய்வகச் சோதனை நடந்திருந்தால் அதன் சுருக்கம். பெரிய அருங்காட்சியகங்களின் இணையப் பக்கத்திலேயே இவற்றில் பெரும்பாலானவை இருக்கும்.

சேர்க்கை எண்ணை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். தலைப்புகள் மொழிக்கு மொழி மாறும், பல தலைப்புகளை ஓவியரே வைத்திருக்க மாட்டார். எண் மாறாது. டச்சு ஓவியர் வெர்மீரின் பால் ஊற்றும் பணிப்பெண் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் எஸ்கே-ஏ-2344. ப்ரூகல் 1565இல் வரைந்த அறுவடைக் காட்சி நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 19.164. பிற்பாடு மின்னஞ்சலில் இந்த எண்ணைக் கொடுத்தால் பதில் சீக்கிரம் வரும், "அந்தப் பால்காரப் பெண் படம்" என்று எழுதினால் நாலு கேள்வி திரும்பி வரும்.

அளவையும் அப்படித்தான். பால் ஊற்றும் பெண் வெறும் 45.5 × 41 செ.மீ., பிரெஞ்சு ஓவியர் கையிபோத்தின் தரை இழைப்பவர்கள் ஓவியம் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் அகலம். திரையில் இரண்டும் ஒரே அளவில்தான் தெரியும். ஒன்று வீட்டுச் சுவருக்கு வரைந்தது, மற்றது பொதுக் கண்காட்சிக்கு அனுப்பி நாலு பேர் பேச வேண்டும் என்று வரைந்தது. இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

3. காசு கொடுத்தது யார் என்று பாருங்கள்

படத்தில் இருக்கிற ஆள் அந்தப் படத்தை வாங்கியிருக்க மாட்டார், அநேகமாக எந்தப் படத்திலும். அடால்ஃப் மென்ஸல் 1872க்கும் 1875க்கும் நடுவில் வரைந்த இரும்பாலை ஓவியத்தை முதலில் வாங்கியவர் ஒரு வங்கியாளர். தரை இழைப்பவர்களை வரைந்த கையிபோத் பணக்கார வீட்டுப் பிள்ளை. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் கம்பெனி காலத்தில் வரைந்த தொழில்காரர் படங்களை, கணவன் ஒரு பக்கம் மனைவி ஒரு பக்கம் கையில் கருவியோடு நிற்பார்களே, அவற்றைத் தொகுப்பு தொகுப்பாக வாங்கியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். அதனால்தான் அந்தப் படங்களில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு மாதிரி ஆள், வெற்றுப் பின்னணி, சுத்தமான உடை. கருவியின் வடிவத்துக்கு அவை நல்ல சான்று. அந்த ஆள் எங்கே, யாரோடு, எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்பதற்கு அவற்றில் ஒன்றும் கிடைக்காது.

காசு கொடுத்தவர் யார் என்று தெரிந்ததும் படம் பொய் என்று தூக்கிப் போட வேண்டாம். எதை அழகாக்கியிருப்பார்கள், எதை விட்டிருப்பார்கள் என்று ஊகிக்க ஒரு பிடி கிடைக்கும், அவ்வளவுதான்.

4. உட்கார்ந்து பாருங்கள், மூன்று பத்தியில் எழுதுங்கள்

வேலையின் நெஞ்சு இதுதான், இதற்கு நேரம் ஒதுக்குங்கள். ஒரு தாளை நெடுக்காக மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதலாவது: கண்ணுக்குத் தெரிவது. இரண்டாவது: நான் ஊகிப்பது. மூன்றாவது: வேறு ஆவணம் இல்லாமல் சொல்ல முடியாதது.

கையிபோத்தின் 1875ஆம் ஆண்டுப் படத்தையே எடுப்போம், பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது: மூன்று ஆண்கள், இடுப்புக்கு மேல் சட்டை இல்லை, மண்டியிட்டிருக்கிறார்கள். தரையின் பழைய மெருகு கருப்பாக இன்னும் இருக்கிறது, இழைத்த இடம் பட்டை பட்டையாக வெளுத்திருக்கிறது. சுருள் சுருளாக மரச்சீவல். இடது ஓரத்தில் இருப்பவர் தரையில் கிடக்கும் ஒரு கருவியை எடுக்கக் கை நீட்டுகிறார். மற்ற இருவரின் தலைகள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்திருக்கின்றன. வலது பக்கம் ஒரு பாட்டிலும் ஒரு கண்ணாடிக் கோப்பையும். பின்னால் ஜன்னல், அதற்கு வெளியே வளைவு வளைவாக இரும்புக் கிராதி.

ஊகிப்பது: அந்த இருவரும் பேசிக்கொண்டே வேலை செய்கிறார்கள். வேலை நேரத்தில் குடிப்பது மறைக்க வேண்டிய விஷயமாக இல்லை. வசதியான வீடு, இவர்களுடையது இல்லை.

சொல்ல முடியாதது: கூலி எவ்வளவு, நாளைக்கு எத்தனை மணி நேரம், சட்டையைக் கழற்றியது புழுக்கத்தாலா, துணி அழுக்காகக் கூடாது என்றா, அல்லது ஓவியருக்கு முதுகுத் தசை வேண்டியிருந்ததா. கடைசி சந்தேகம் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஓவியக் கல்விக்கூடத்தில் நிர்வாண உருவம் வரையக் கற்றவர்கள் வெற்றுடம்பு வரைய வாய்ப்பு கிடைத்தால் விடமாட்டார்கள்.

இரண்டாவது பத்தியில் இருக்க வேண்டியதை முதலாவதில் எழுதிவிடுவதுதான் எல்லாருக்கும் நடப்பது. "களைத்த தொழிலாளிகள்" என்று எழுதினால் அது ஊகம். "குனிந்த முதுகு" என்றால் மட்டும்தான் அது பார்த்தது.

5. இந்த இடங்களில் எல்லாரும் வழுக்குவார்கள்

நீதி சொல்ல வந்த படங்கள். யான் ஸ்டேனின் குழப்பமான வீடுகளில் குழந்தை அழும், பாத்திரம் கவிழும், எசமானி தூங்குவாள். அதைப் பார்த்து டச்சு வீடுகள் அப்படித்தான் இருந்தன என்று எழுதினால் கதை கெட்டது. சிரிக்க வைத்துப் புத்தி சொல்கிற படம் அது. வீடு நிஜம் இல்லாமல் போகலாம், ஆனால் அதில் கிடக்கும் வாணலியும் முக்காலியும் அந்தக் காலத்துப் பொருட்கள்தான் என்று பெரும்பாலும் நம்பலாம். பொருளை நம்புங்கள், அதை வைத்திருக்கும் விதத்தைச் சந்தேகப்படுங்கள்.

இருந்ததை எடுத்துவிடுவார்கள். பால் ஊற்றும் பெண்ணுக்குப் பின்னால் வெறும் சுவர், ஆணி அடித்த ஓட்டைகள்கூடத் தெரியும், அவ்வளவு நிஜமாக இருக்கும். ஆனால் 2022இல் ரைக்ஸ்மியூசியம் வெளியிட்ட சோதனை முடிவின்படி, அந்தச் சுவரில் வெர்மீர் முதலில் குடுவைகள் மாட்டும் ஒரு பலகையை வரையத் தொடங்கியிருந்தார், கீழே தரையில் கணப்புக் கூடை ஒன்றும் இருந்தது. இரண்டையும் அவரே மூடிவிட்டார். சமையலறையில் பொருள் குறைவு, ஆகவே வீட்டில் வறுமை என்று அந்த வெறும் சுவரை வைத்து வாதாடினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நிறம். அதே பெண்ணின் நீல ஏப்ரனுக்குப் போட்டது லாபிஸ் லாசுலிக் கல்லை அரைத்தெடுத்த விலையுயர்ந்த நீலம். பணிப்பெண்ணின் துணிக்கும் அந்தப் பளபளப்புக்கும் சம்பந்தமில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு: மஞ்சள் சாயம் காலப்போக்கில் வெளுத்துப்போனதால் வெர்மீரின் சின்னத் தெரு ஓவியத்தில் இலைகள் நீலமாகத் தெரிகின்றன. துணியின் நிறத்தைப் பற்றி எழுதுவதானால் சோதனை அறிக்கை இல்லாமல் எழுதாதீர்கள்.

பழைய வேலையைப் புதிய காலத்தில் வரைவார்கள். ரெபின் 1870 முதல் 1873 வரை வரைந்த வோல்கா படகு இழுப்பவர்கள் படத்தில் பதினொரு பேர் கயிறு இழுக்கிறார்கள். அதே படத்தில் தூரத்தில் ஒரு நீராவிப் படகின் புகை தெரியும். நிறைய பிரதிகளில் அந்த ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள், வெட்டிய படத்தை வைத்து எழுதினால் பாதி விஷயம் போச்சு. முழுச் சட்டகமும் இருக்கிறதா என்று அளவை வைத்துச் சரிபாருங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட படங்கள். ஃபோர்டு மேடாக்ஸ் பிரவுனின் உழைப்பு ஓவியம் மான்செஸ்டரில் ஒன்று, பர்மிங்காமில் இன்னொன்று. தரை இழைப்பவர்களுக்கும் 1876இல் வரைந்த வேறொரு படம் உண்டு, அதில் ஆட்களே வேறு. எதைச் சொல்கிறீர்கள் என்று ஆண்டோடு எழுதுங்கள். அச்சுப் படங்கள் இன்னும் மோசம். ஷார்தான் வரைந்த சமையலறைப் பணிப்பெண்களைச் செதுக்கி அச்சிட்டபோது கீழே செய்யுள் வரிகளைச் சேர்த்தார்கள், படத்தில் இல்லாத நீதி அந்த வரிகளில் ஏறிக்கொண்டது.

இப்போது இல்லாத படம். கோர்பேயின் கல் உடைப்பவர்கள் (1849) இரண்டாம் உலகப் போரில் அழிந்துவிட்டது. நாம் பார்ப்பதெல்லாம் அதற்கு முன் எடுத்த புகைப்படங்களின் வழி. இணையத்தில் ஓடும் அதன் வண்ணத்தை வைத்து ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

6. படத்துக்கு வெளியிலிருந்து ஒரு ஆவணமாவது வேண்டும்

வரிப் பதிவேடு, சட்டம், சொத்துப் பட்டியல், ஓவியரின் கடிதம், முன்வரைவு. இவற்றில் ஒன்றாவது கிடைக்காத படத்தை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், சான்றாக வைக்காதீர்கள் என்பது என் கட்சி. கடுமைதான், ஆனாலும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சின்னத் தெரு விஷயம். சுமார் 1658இல் வரைந்தது, டெல்ஃப்ட் நகரத்தில் ஒரு வீடு, வாசலில் ஒரு பெண் தையல் வேலையில், பக்கத்துச் சந்துக்குள் இன்னொருத்தி பீப்பாய் அருகே குனிந்து நிற்கிறாள். வீடு எது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாமல் இருந்தது. 2015இல் பேராசிரியர் ஃபிரான்ஸ் கிரெய்ஸன்ஹவுட், 1667ஆம் ஆண்டின் கால்வாய்த் தூர்வாரல் வரிப் பதிவேட்டை எடுத்தார். ஒவ்வொரு வீட்டின் அகலமும், இடையில் உள்ள சந்துகளின் அகலமும் அதில் அளந்து எழுதப்பட்டிருந்தன. படத்தில் உள்ளதுபோல இரண்டு சந்துகள் ஒட்டி வரும் இடம் ஃப்ளாமிங் தெருவின் 40, 42ஆம் எண் வீடுகள் என்றார். அந்த வலப்பக்க வீட்டில் இருந்தவர் வெர்மீரின் அத்தை, கணவரை இழந்தவர், குடல்கறி விற்று ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். சந்துக்கே குடல்கறிக்காரர் சந்து என்றுதான் பெயராம். இதை ஏற்காத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள், இருக்கட்டும். வேலை எப்படி நடக்கிறது பாருங்கள்: ஒரு வரிப் பதிவேடு வந்ததும் அழகான தெரு ஒரு பெண்ணின் பிழைப்பாக மாறிவிட்டது.

சட்டமும் உதவும். மில்லேயின் 1857ஆம் ஆண்டுக் கதிர் பொறுக்கும் பெண்கள் படத்தில் மூன்று பேர் முன்னால் குனிந்திருக்க, தூரத்தில் போர் போராகத் தானியம், ஆட்கள், குதிரை மேல் ஒரு மேற்பார்வையாளர். பிரான்சின் 1810ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தைப் பக்கத்தில் வையுங்கள். அறுவடை முழுதாக அகற்றாத நிலத்தில் பொறுக்கினாலும், விடியுமுன்போ பொழுது சாய்ந்த பிறகோ பொறுக்கினாலும் அபராதம். இப்போது அந்தப் பெண்கள் ஏன் அத்தனை தள்ளி நிற்கிறார்கள், குதிரைக்காரர் அங்கே எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

முன்வரைவுகளையும் தேடுங்கள். மென்ஸல் இரும்பாலைக்கு நேரில் போய் நூற்றுக்கும் மேல் கோட்டுப்படம் போட்டார். பெரிய படத்தின் இடது பக்கம் ஷிப்டு முடிந்து கழுவிக்கொள்பவர்கள், வலது கீழ் மூலையில் தகட்டு மறைப்புக்குப் பின்னால் சாப்பிடுபவர்கள், சாப்பாட்டுக் கூடையோடு ஒரு பெண். கோட்டுப்படங்களையும் ஓவியத்தையும் வைத்துப் பார்த்தால் நேரில் கண்டது எது, பட்டறையில் அடுக்கியது எது என்று ஓரளவு பிரிக்கலாம்.

7. பிரதியும் உரிமையும் செலவும்

ஓவியர் இறந்து 70 ஆண்டு முடிந்திருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் பதிப்புரிமை தீர்ந்தது. இந்தியாவில் 60 ஆண்டு. அமெரிக்காவில் பழைய படைப்புகளுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு என்று வேறு கணக்கு. அதனால் மேலே சொன்ன ஓவியர்கள் எல்லாரும் பிரச்சினை இல்லாதவர்கள். இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் கவனம். ஆலைத் தொழிலாளர்களை வரைந்த எல்.எஸ். லௌரி 1976இல்தான் இறந்தார், பிரிட்டனில் 2046 முடியும் வரை உரிமை ஓடுகிறது. அந்த மாதிரிப் படத்துக்கு ஓவியத்தின் உரிமைக்காரரிடமும், பிரதி கொடுக்கும் அருங்காட்சியகத்திடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கும்.

ஓவியம் பழையது, ஆனால் அதன் புகைப்படத்துக்கு உரிமை கோருவார்களே, அதுதான் புதியவர்களைக் குழப்பும் இடம். தட்டையான பழைய ஓவியத்தை அப்படியே எடுத்த புகைப்படத்துக்குத் தனிப் பதிப்புரிமை இல்லை என்று 1999இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டுப் பதிப்புரிமை ஆணையின் 14ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. இருந்தாலும் சில தளங்கள் பயன்பாட்டு விதிகள் மூலம் கட்டுப்படுத்தப் பார்க்கும், அவற்றோடு மல்லுக்கு நிற்பதைவிட இலவசமாகக் கொடுக்கும் இடத்துக்குப் போவது மேல். ரைக்ஸ்மியூசியம், மெட்ரோபாலிட்டன் (2017 முதல்), வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம், சிகாகோ கலை நிறுவனம், கிளீவ்லாந்து அருங்காட்சியகம் ஆகியவை பதிப்புரிமை தீர்ந்த படைப்புகளின் பெரிய கோப்புகளை வணிகப் பயன்பாட்டுக்கும் சேர்த்தே இலவசமாகத் தருகின்றன. பிரிட்டிஷ் மியூசியம் வணிகமற்ற பயன்பாட்டுக்குத் தருகிறது. புத்தகம் விற்பனைக்கு வருகிறது என்றால் தனியாகக் கேளுங்கள்.

கட்டணம் கட்டியே ஆக வேண்டும் என்றால், தொகையைத் தீர்மானிப்பவை அச்சுப் பிரதிகளின் எண்ணிக்கை, படம் பக்கத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது, அட்டையா உள்ளேயா, எத்தனை நாடு, எத்தனை மொழி, மின்நூல் உண்டா என்பவை. முதல் மின்னஞ்சலிலேயே எல்லாவற்றையும் எழுதுங்கள். "ஆய்வுக் கட்டுரைக்குச் சலுகை உண்டா" என்று வாய்விட்டுக் கேளுங்கள், கேட்காதவருக்கு யாரும் தானாகக் குறைப்பதில்லை. படம் விற்கும் முகமையிடம் போகுமுன் படம் இருக்கும் அருங்காட்சியகத்தின் பக்கத்தைப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

8. எதை எப்போது செய்வது

கட்டுரையை எழுதத் தொடங்கும் முன்பே அனுமதிக் கடிதங்களை அனுப்பிவிடுங்கள், முடிந்த பிறகு அல்ல. படப் பிரிவுகளிலிருந்து பதில் வரச் சில வாரங்கள் ஆவது சாதாரணம், கோடை விடுமுறைக் காலத்தில் இன்னும் இழுக்கும். புதிதாகப் புகைப்படம் எடுத்துத்தான் தர வேண்டும் என்றால் செலவும் காலமும் இரண்டுமே ஏறும், ஆகவே அந்தப் படம் இல்லாமலே கட்டுரை நிற்குமா என்று முதலில் பாருங்கள்.

நேரில் பார்க்கப் போவதானால் அது சுவரில் தொங்குகிறதா, வேறு கண்காட்சிக்குக் கடன் போயிருக்கிறதா என்று தளத்தில் பார்த்துவிட்டு, கிளம்புமுன் மறுபடியும் ஒரு தடவை பாருங்கள். தாளில் உள்ள கோட்டுப்படங்கள் வெளிச்சத்தில் கெடும் என்பதால் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும், படிப்பறையில் முன்பதிவு செய்ய வேண்டும். சேர்க்கை எண், அடையாள அட்டை, நீங்கள் யார் என்று இரண்டு வரி, இவை போதும். பேனா அனுமதிக்க மாட்டார்கள், பென்சில் எடுத்துப் போங்கள்.

கடைசியாக, படத்தை இறக்கிய அன்று அந்தப் பக்கத்தில் உரிமை பற்றி என்ன எழுதியிருந்தது என்பதைத் தேதியோடு சேமித்து, படக் கோப்பு இருக்கும் அதே உறையில் வைத்துவிடுங்கள். தளங்கள் மாறும், விதிகள் மாறும், பதிப்பாளர் இரண்டு வருடம் கழித்து ஆதாரம் கேட்பார்.